காணாமையும் இல்லாமையும்: நோய்ப்பூஞ்சைகளின் இணைவகை ஆய்வுகளில் முடிவு காணும் முறை – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மனிதருக்கு நோய் விளைவிக்கும் பூஞ்சைகள் பலவற்றைப் 'பாலிலா உயிரிகள்' என்றே அறிவியல் நெடுங்காலம் வகைப்படுத்தி வந்தது. இணைவகையைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் கண்டறியப்பட்ட பின்னர் அக்கருத்து தளர்ந்தது. எனினும் பழைய பிழையின் இடத்தில் அதற்கு நேரெதிரான புதிய பிழையொன்று இடம்பெறத் தொடங்கியுள்ளது. முன்பு காணாமையை இல்லாமையாகக் கொண்டனர். இன்று மரபணு இருப்பதையே நிகழ்வு நடப்பதாகக் கொள்கின்றனர். அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கான்டிடா ஆல்பிகன்ஸ், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் ஆகிய மூன்று பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வுகளை முன்வைத்து, அவற்றில் முடிவுகள் எட்டப்பட்ட முறையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. சான்றுகளை ஐந்து படிநிலைகளாகப் பிரித்து நோக்க வேண்டும் என்பதும், தமிழில் 'பால்' என்பதற்கு மாற்றாக 'இணைவகை' என்னும் சொல்லையே ஆள வேண்டும் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: நோய்ப்பூஞ்சை, இணைவகை, மேட் இருப்பிடம், குன்றல் பகுப்பு, மறுகூட்டிணைவு, அபாவம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

உலக நலவாழ்வு அமைப்பு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் முன்னுரிமைக்குரிய நோய்ப்பூஞ்சைகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. அதில் இடம்பெற்ற 19 பூஞ்சைகளுள் நான்கு மட்டுமே மிக உயர்ந்த முன்னுரிமைப் பிரிவில் வைக்கப்பட்டன. கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ், கான்டிடா ஆரிஸ், அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ், கான்டிடா ஆல்பிகன்ஸ் என்பன அவை. இந்நான்கினுள் கான்டிடா ஆரிஸ் 2009-இல்தான் இனங்காணப்பட்டது. எஞ்சிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் 'பாலியல் சுழற்சி அற்றவை' என்று கருதப்பட்டவை.

இஃது உயிரியல் வகைப்பாட்டோடு நின்றுவிடும் செய்தியன்று. ஒரு பூஞ்சை தன்னைத்தானே நகலெடுத்து மட்டும் பெருகுமாயின், மருந்தெதிர்ப்புத் திறன் அது தோன்றிய வழிமரபுக்குள்ளேயே தங்கும். அப்பூஞ்சை பிறிதோர் இரகத்தோடு கூடி மரபுப்பொருளைக் கலக்குமாயின், வெவ்வேறு இரகங்களில் தனித்தனியே தோன்றிய எதிர்ப்புத் திறனும் நோய்வன்மையும் ஓருடலில் சேரக்கூடும். ஆகவே 'இப்பூஞ்சை கூடுகிறதா?' என்ற வினாவுக்கு நாம் தரும் விடை, அதன் எதிர்காலத்தைப் பற்றி நாம் செய்யும் கணிப்பாகவும் அமைகிறது. விடை பிழையானால் கணிப்பும் பிழைபடும்.

இவ்விடைகள் எவ்வகைச் சான்றுகளின் மேல் எழுப்பப்பட்டன என்பதே இக்கட்டுரையின் வினா. ஆய்வு முடிவுகளைத் தொகுத்துரைப்பது இதன் நோக்கமன்று. சான்றிலிருந்து முடிவுக்குச் சென்ற வழி சரியானதா என்று நோக்குவதே நோக்கம்.

'பால்' என்னும் சொல்லும் 'இணைவகை' என்னும் கருத்தும்

முதற்கண் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. அமெரிக்கத் தாவரவியலார் ஆல்பர்ட் பிளேக்ஸ்லி 1904-இல் மியூக்கர் வகைப் பூஞ்சைகளை ஆராய்ந்து, சில இனங்களில் ஒரே வழிமரபைச் சேர்ந்த இழைகள் தம்முள் கூடுவதில்லை என்றும், வேறு வழிமரபின் இழையைச் சந்தித்தால் மட்டுமே கூடுகின்றன என்றும் காட்டினார். அவ்விரு வகைகளுக்கிடையே உருவ வேறுபாடு இல்லாமையால், ஆண் என்றும் பெண் என்றும் பெயரிடாமல் கூட்டற்குறி, கழித்தற்குறி ஆகியவற்றால் அவற்றைக் குறித்தார். இணைவகை என்னும் கருத்தின் தொடக்கம் இதுவே.

இப்பெயரீட்டில் இருந்த எச்சரிக்கை பின்னர் வந்தோரிடம் பல இடங்களில் காணப்படவில்லை. இணைவகை வேறு, ஆண் பெண் வேறுபாடு வேறு என்பதற்கு நியூரோஸ்போரா கிராசா தெளிவான சான்று. அப்பூஞ்சையின் இரு இணைவகைகளுள் எதுவாயினும், ஒரே இழைத்தொகுதி பெண்ணுறுப்பையும் தோற்றுவிக்கும். ஆண் கூறாகச் செயற்படும் ஸ்போர்களையும் தோற்றுவிக்கும். அங்கே இணைவகை தீர்மானிப்பது, யார் யாரோடு கூடலாம் என்பதை மட்டுமே. சைசோஃபில்லம் கம்யூன் என்னும் காளானில் இணைவகைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் விரிகிறது. இரண்டே பிரிவுகளை நினைவூட்டும் ஒரு சொல் இங்குப் பொருந்தாது.

தமிழில் இச்சிக்கல் ஒரு தனி வடிவம் கொள்கிறது. தொல்காப்பியம் கூறும் பால் ஐந்து. ஆண்பால், பெண்பால் ஆகியவற்றோடு பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்பனவும் அதில் அடங்கும். 'பால்' என்பதன் அடிப்பொருள் பகுப்பு என்பதேயாகும். அப்பொருளில் கொண்டால் 'பால்வகை' என்பது பூஞ்சைக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். ஆனால் இன்றைய வழக்கில் அச்சொல் ஆண், பெண் என்ற இருமையையே முதலில் உணர்த்துகிறது. சொல்லின் பழம்பொருள் இடம் தருகிறது என்பதற்காக, வாசகர் மனத்தில் தவறான படிமத்தை எழுப்பும் சொல்லைக் கலைச்சொல்லாக ஆள்வது முறையன்று. எனவே இக்கட்டுரை 'இணைவகை' என்ற சொல்லையே ஆள்கிறது. 'பாலியல் சுழற்சி' என்ற தொடர், இரு உட்கருக்கள் இணைந்து குன்றல் பகுப்பின் வழி மறுகூட்டிணைவு நிகழும் முழு நிகழ்வையும் குறிக்கும் இடத்தில் மட்டும் ஆளப்படுகிறது.

இணைவகையைத் தீர்மானிக்கும் மரபணுப் பகுதி 'மேட் இருப்பிடம்' எனப்படும். அஸ்பெர்ஜில்லஸ் போன்ற இழைப்பூஞ்சைகளில் ஒரே இருப்பிடத்தில், ஓரிணைவகையில் ஆல்பாப்பெட்டிப் புரதத்திற்கான மரபணுவும், மற்றதில் எச்எம்ஜி வகைப் புரதத்திற்கான மரபணுவும் அமைகின்றன. இவை ஒன்றன் சிறு மாற்றுருவாக மற்றொன்று அமையாமல், வரிசை ஒற்றுமையே இல்லாதனவாக இருப்பதால், 'அல்லீல்' என்னும் சொல் இவற்றுக்குப் பொருந்தாது என்று மெட்சன்பெர்க்கும் கிளாஸும் 1990-இல் சுட்டி வேறு சொல்லை முன்மொழிந்தனர். கலைச்சொல் பற்றிய கவனம் தமிழுக்கு மட்டும் உரிய கவலையன்று என்பதை இது காட்டும்.

முதற்பிழை: காணாமையை இல்லாமையாகக் கொள்ளுதல்

இன்மையையும் அறிவின் ஒரு வாயிலாகக் கொண்டது இந்தியத் தருக்க மரபு. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி தொகுத்துக் கூறும் பத்து அளவைகளுள் அபாவமும் ஒன்று. ஆனால் தருக்க நூலார் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தனர். ஒரு பொருள் அங்கே இருந்திருந்தால் அது கண்டிப்பாகப் புலப்பட்டிருக்கும் என்ற நிலையில் மட்டுமே, அது புலப்படாமையிலிருந்து அதன் இன்மையை முடிவு செய்யலாம். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பதால் குடம் இல்லை என்று கூற இயலாது. பூஞ்சையியலில் நெடுங்காலம் மீறப்பட்டது இந்த நிபந்தனையே.

அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் 1863-இல் ஃபிரெசீனியஸால் விவரிக்கப்பட்டது. அது பாலியல் முறையில் தோற்றுவிக்கும் ஸ்போர்களை அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எவரும் கண்டிலர். பாலியல் நிலை அறியப்படாத பூஞ்சைகளையெல்லாம் திரட்டி 'நிறைவற்ற பூஞ்சைகள்' என்று பெயரிட்ட டியூட்டிரோமைகோட்டா என்னும் செயற்கைப் பிரிவில் இதுவும் வைக்கப்பட்டது. அப்பெயர் ஆய்வாளரின் அறிவில் இருந்த நிறைவின்மையைப் பூஞ்சையின் நிறைவின்மையாக மாற்றிக் கூறியது.

மரபணுத்தொகை ஆய்வுகள் அப்பூஞ்சையில் இணைவகை மரபணுக்கள் இருப்பதைக் காட்டின. 2005-இல் பாவ்லெட்டி குழுவினர் உலகின் பல பகுதிகளிலிருந்து பெற்ற 290 மாதிரிகளில் இரு இணைவகைகளும் ஏறத்தாழச் சமவிகிதத்தில் இருப்பதைக் காட்டினர். நகலாக்கத்தால் மட்டும் பெருகும் உயிரியில் இவ்விகிதம் நிலைத்திருக்க வேண்டிய தேவையில்லை. இறுதியில் 2009-இல் ஓ'கார்மன், ஃபுல்லர், டையர் ஆகியோர் டப்ளின் நகரச் சூழலிலிருந்து பெற்ற இரகங்களைக் கலந்து வளர்த்து முழுப் பாலியல் சுழற்சியையும் நிறுவினர்.

அச்சோதனையின் முடிவைக் காட்டிலும் அதன் நிபந்தனைகள் நம் கவனத்திற்கு உரியவை. ஓட்ஸ் ஊடகம், 30 பாகை செல்சியஸ் வெப்பம், இருள், காற்றுப் போக்குவரவு குறைக்கப்பட்ட தட்டு, ஆறு மாதக் காத்திருப்பு ஆகியவை தேவைப்பட்டன. மருத்துவ ஆய்வகத்தில் இப்பூஞ்சை வளர்க்கப்படும் முறை இதற்கு முற்றிலும் வேறானது. அங்கு நோக்கம் விரைவாக இனங்காண்பது. எனவே சில நாள்களில் தட்டு அகற்றப்படும். ஆறு மாதம் காத்திருந்தால் மட்டுமே தோன்றக்கூடிய ஒன்றைச் சில நாள்களில் தேடிக் காணவில்லை என்று கூறுவது, தருக்க நூலார் விதித்த நிபந்தனைக்குப் புறம்பானது. காணாமை அங்கு ஆய்வு முறையின் இயல்பேயன்றிப் பூஞ்சையின் இயல்பன்று.

இரண்டாம் பிழை: தவறான நிலையில் தேடுதல்

கான்டிடா ஆல்பிகன்ஸ் வேறொரு பாடத்தைத் தருகிறது. இது இயல்பாக இரட்டைமடிய உயிரி. இதன் இணைவகை இருப்பிடத்தை 1999-இல் ஹல், ஜான்சன் இருவரும் கண்டறிந்தனர். இயற்கையில் கிடைக்கும் மாதிரிகளுள் பெரும்பாலானவை, ஒரு குரோமோசோமில் ஏ வகையையும் அதன் இணையில் ஆல்பா வகையையும் கொண்டிருக்கின்றன. ஆய்வகங்களில் மிகப் பரவலாகப் பயன்படுத்தப்படும் எஸ்சி5314 என்னும் இரகமும் இத்தகையதே.

இரு வகைகளும் ஒரே உயிரணுவில் இருக்கும்போது, ஏ1, ஆல்பா2 ஆகிய புரதங்கள் சேர்ந்து கூடல் திறனை அடக்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்றை இழந்த உயிரணு மட்டுமே கூடும் தகுதி பெறும். அதுவும் போதாது. 1987-இல் சோல் குழுவினர் விவரித்த 'வெண்மை – ஒளிபுகா' நிலைமாற்றம் நிகழ்ந்து, உயிரணு ஒளிபுகா நிலையை அடைய வேண்டும். ஒளிபுகா உயிரணுக்கள் வெண்ணிற உயிரணுக்களைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு திறம்படக் கூடுகின்றன என்று மில்லரும் ஜான்சனும் 2002-இல் காட்டினர். ஆகவே முந்தைய ஆய்வாளர்கள் கூடலைத் தேடியது, கூடுவதற்குத் தகுதியற்ற உயிரணுக்களில். தேடல் முறையாகவே நடந்தது. தேடிய நிலைதான் பொருந்தாதது.

2000-ஆம் ஆண்டில் ஹல் குழுவினரும் மாகீ இணையரும் தனித்தனியே இப்பூஞ்சையின் கூடலை நிறுவினர். முன்னையோர் எலியின் உடலுக்குள்ளும் அதனைக் காட்டினர். இவ்வெற்றி எவ்வாறு கிட்டியது என்பதையும் குறிப்பிட வேண்டும். இரு குழுவினரும் இணைவகையுள் ஒன்றை நீக்கி உருவாக்கிய இரகங்களைக் கொண்டே சோதித்தனர். அதனால் நிறுவப்பட்டது இயலுமை மட்டுமே. நோயாளியின் குடலிலோ குருதியிலோ அப்பூஞ்சை எவ்வளவு அடிக்கடி கூடுகிறது என்பது அச்சோதனைகளால் விடை பெறவில்லை. இயலும் என்பதும் நிகழ்கிறது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். பின்வந்த எழுத்துகளில் இவ்வேறுபாடு பலவிடங்களில் மங்கிவிட்டது.

மூன்றாம் பிழை: மரபணுப் பட்டியலை நிகழ்வாக வாசித்தல்

இங்குதான் எதிர்ப்பிழை தொடங்குகிறது. 2001-இல் கான்டிடா ஆல்பிகன்ஸின் மரபணுத்தொகையை ஆராய்ந்த குழுவொன்று, பேக்கர் ஈஸ்ட்டில் குன்றல் பகுப்புக்குத் தேவையான மரபணுக்களுள் பலவற்றின் இணைகள் இதில் இருப்பதைக் கண்டு, முழுமையான பாலியல் சுழற்சிக்கு மரபணுத்தொகைச் சான்று உள்ளது என்று அறிவித்தது. ஆனால் 2003-இல் பென்னட், ஜான்சன் இருவரும் கண்டது வேறு. கூடலால் தோன்றிய நான்மடிய உயிரணு, குன்றல் பகுப்பு வழியாக அன்றி, குரோமோசோம்களை ஒவ்வொன்றாக இழந்து இரட்டைமடிய நிலைக்குத் திரும்புகிறது. இது பாலியல் சுழற்சியைப் போன்ற, ஆனால் அதுவாகாத இணைச்சுழற்சி. மேலும் குன்றல் பகுப்புக்கே உரியதாகக் கருதப்பட்ட எஸ்பிஓ11 மரபணு இச்சுழற்சியில் மறுகூட்டிணைவுக்கு உதவுகிறது என்று 2008-இல் ஃபோர்ச் குழுவினர் காட்டினர். மரபணு இருந்தது, எதிர்பார்த்த நிகழ்வு காட்டப்படவில்லை, அம்மரபணு வேறொரு பணியில் ஈடுபட்டிருந்தது.

நேரெதிர் நிலையும் உண்டு. கான்டிடா லூசிடானியேயின் மரபணுத்தொகையில் குன்றல் பகுப்புக்கு இன்றியமையாதன என்று கருதப்பட்ட மரபணுக்கள் பல காணப்படவில்லை. பட்டியலை மட்டும் நோக்கியிருந்தால் இப்பூஞ்சையில் குன்றல் பகுப்பு இல்லை என்றே கூறியிருப்போம். ஆனால் 2009-இல் ரீடி, ஃபிலாய்டு, ஹைட்மன் ஆகியோர் அதில் குன்றல் பகுப்பும் மறுகூட்டிணைவும் நிகழ்வதைக் காட்டினர்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒரு முடிபு தவிர்க்க முடியாததாகிறது. மரபணுக்கள் இருப்பதிலிருந்து நிகழ்வு உண்டென்று கூறுவதும், மரபணுக்கள் இல்லாமையிலிருந்து நிகழ்வு இல்லை என்று கூறுவதும் ஒருசேர வலுவிழக்கின்றன. பேக்கர் ஈஸ்ட்டை அளவுகோலாகக் கொண்டு பிற பூஞ்சைகளை அளந்ததே இதற்குக் காரணம். ஓருயிரியில் ஒரு பணியைச் செய்யும் மரபணு, மற்றோர் உயிரியில் அதே பணியைத்தான் செய்யும் என்ற முற்கோள் சோதிக்கப்படாமலே ஏற்கப்பட்டது.

நான்காம் பிழை: பெரும்பான்மையை வன்மையாகக் கொள்ளுதல்

கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் உண்டாக்கும் மூளையுறை அழற்சியால் 2020-இல் ஏறத்தாழ 1,12,000 பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு கூறுகிறது. இப்பூஞ்சையின் பாலியல் நிலையைக் குவான்-சுங் 1975-இல் கண்டறிந்தார். 1978-இல் அவரும் பென்னட்டும் இயற்கையிலும் நோயாளிகளிடமும் கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, ஆல்பா இணைவகை ஏ இணைவகையைவிட 30 முதல் 40 மடங்கு மிகுந்திருந்தது. 1992-இல் மேட் இருப்பிடம் தவிர ஏனையவற்றில் ஏறத்தாழ ஒத்த இரு இரகங்களை எலிகளில் சோதித்து, ஆல்பா இரகமே மிகுந்த நோய்வன்மை உடையது என்று காட்டினர். 'ஆல்பா இணைவகையே கொடியது' என்ற கருத்து அதன்பின் வேரூன்றியது.

அச்சோதனை தன்னளவில் பிழையற்றது. பிழை அதன் பொதுமைப்படுத்தலில் உள்ளது. அச்சோதனை டி சீரவகையைச் சார்ந்த இரகங்களில் செய்யப்பட்டது. உலகெங்கும் நோயாளிகளிடம் மிகுதியாகக் கிடைப்பதோ ஏ சீரவகை. 2003-இல் நீல்சன் குழுவினர் ஏ சீரவகையில் அவ்வாறே ஒத்த இரகங்களை உருவாக்கிச் சோதித்தபோது, இரு இணைவகைகளும் தனித்தனியே ஒத்த நோய்வன்மையையே காட்டின. 2005-இல் அதே ஆய்வாளர்கள் இரண்டையும் ஒருசேர எலியில் செலுத்தியபோது, மைய நரம்பு மண்டலத்தில் ஆல்பா மிகுந்து சேர்ந்தது. ஆகவே இணைவகைக்கும் நோய்வன்மைக்கும் உள்ள உறவு, இரகத்தின் மரபுப் பின்னணியையும் உடன் இருப்பது யார் என்பதையும் பொறுத்து மாறுகிறது.

மேட் இருப்பிடத்தின் அமைப்பும் எச்சரிக்கை தருகிறது. இப்பூஞ்சையில் அது நூறாயிரம் கார இணைகளுக்கும் மேல் நீண்டு, இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை உள்ளடக்கியது. அவற்றுள் ஃபெரோமோன், அதன் ஏற்பி, உயிரணுவின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் எஸ்எக்ஸ்ஐ1 ஆல்பா அல்லது எஸ்எக்ஸ்ஐ2 ஏ ஆகியவற்றோடு, கூடலோடு தொடர்பற்ற, உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத மரபணுக்களும் அடங்கும். ஆகவே 'இணைவகையால் நோய்வன்மை வேறுபடுகிறது' என்னும்போது, அவ்விருப்பிடத்தில் உள்ள எந்த மரபணு என்ற வினா திறந்தே நிற்கிறது. ஆல்பா அடையாளத்தையே தீர்மானிக்கும் எஸ்எக்ஸ்ஐ1 ஆல்பா நோய்வன்மைக்குத் தேவையில்லை என்று 2004-இல் ஹல், காக்ஸ், ஹைட்மன் காட்டியது இங்கு நினைக்கத்தக்கது.

அவ்வாறாயின் ஆல்பாவின் பெரும்பான்மைக்குக் காரணம் என்ன? ஒரு விடை இனப்பெருக்கத்திலேயே உள்ளது. 1996-இல் விக்ஸ் குழுவினர், நைட்ரஜன் குறைவும் வறட்சியும் உள்ள நிலையில் ஆல்பா உயிரணுக்கள் துணையின்றியே இழையாக வளர்ந்து ஸ்போர்களைத் தோற்றுவிப்பதைக் கண்டனர். 2005-இல் லின், ஹல், ஹைட்மன் ஆகியோர், ஆல்பா உயிரணுக்கள் ஆல்பா உயிரணுக்களோடே கூடிக் குன்றல் பகுப்பையும் நிகழ்த்துகின்றன என்று நிறுவினர். எதிர் இணைவகை அரிதான இடத்திலும் ஸ்போர்கள் தோன்ற இது வழி செய்கிறது. நுரையீரலின் நுண்ணறைகளை எட்டுமளவு சிறியவையாதலால் இந்த ஸ்போர்கள் நோய்த்தொற்றுக்கும் உரியவை. கனடாவின் வான்கூவர் தீவில் 1999 முதல் பரவிய கிரிப்டோகாக்கஸ் கட்டி நோய்ப்பரவலிலும் ஆல்பா இணைவகையே நிலவியது. அதன் தோற்றத்திற்கு ஆல்பா – ஆல்பா கூடல் காரணமாகலாம் என்ற கருதுகோளும் 2005-இல் முன்வைக்கப்பட்டது. மறுபுறம், போட்ஸ்வானாவில் ஏ சீரவகையின் ஏ இணைவகையும் குறிப்பிடத்தக்க அளவில் கிடைப்பதாக 2003-இல் அறியப்பட்டது. பெரும்பான்மை என்பது எங்கும் ஒரே அளவில் நிலவும் இயல்பன்று. மாதிரி எடுத்த இடத்தைப் பொறுத்தது.

இக்கண்டுபிடிப்பைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும்போது, மனித உறவுகளுக்குரிய 'ஓரினச்சேர்க்கை' போன்ற சொற்களைப் பூஞ்சையின் மேல் ஏற்றும் போக்கு இருமுறை பிழையானது. இணைவகை பாலன்று என்பது ஒன்று. மனித வாழ்வில் கண்ணியத்தோடு பேசப்பட வேண்டிய ஒன்றை வியப்பூட்டும் விந்தையாக்குவது மற்றொன்று. 'ஒற்றை இணைவகைக் கூடல்' என்பது போதிய, நடுநிலையான தமிழ்த் தொடர்.

சான்றின் ஐந்து படிநிலைகள்

மேற்கண்ட பிழைகள் அனைத்துக்கும் பொதுவான காரணம், வெவ்வேறு வலிமையுடைய சான்றுகளை ஒரே சொல்லால் குறித்ததே. 'பாலியல் சுழற்சி உண்டு' என்ற ஒரே கூற்று ஐந்து வெவ்வேறு நிலைகளைக் குறிக்கப் பயன்பட்டுள்ளது. அவற்றைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

முதலாவது மரபணுச் சான்று: இணைவகை மரபணுக்களும் கூடலுக்குரிய பிற மரபணுக்களும் உள்ளன. இரண்டாவது விகிதச் சான்று: இரு இணைவகைகளும் ஒரே திணைத்தொகையில் ஏறத்தாழச் சமமாக உள்ளன. மூன்றாவது மறுகூட்டிணைவுச் சான்று: இயற்கை மாதிரிகளின் மரபணுக் குறியீடுகள் கலந்திருப்பது புள்ளியியல் முறையில் காட்டப்பட்டுள்ளது. நான்காவது ஆய்வகச் சான்று: கூடலும் அதன் வழித்தோன்றல்களும் சோதனையில் பெறப்பட்டுள்ளன. ஐந்தாவது இயற்கைச் சான்று: அந்நிகழ்வு இயற்கைச் சூழலில் நேரடியாகக் காணப்பட்டுள்ளது.

இப்படிநிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் ஏணியல்ல. அமெரிக்கப் பாலைநிலங்களில் நோய் பரப்பும் காக்சிடியாய்டிஸ் இமிட்டிஸில் 1996-இல் பர்ட் குழுவினர் மறைந்து நிகழும் கூடலுக்கு மூலக்கூற்றுக் குறியீடுகளின் வழியே சான்று கண்டனர். அப்போது அதற்கு ஆய்வகச் சான்று இல்லை. கான்டிடா ஆல்பிகன்ஸில் ஆய்வகச் சான்று வலிது. ஆனால் விகிதச் சான்று பொருளற்றது, ஏனெனில் பெரும்பாலான மாதிரிகள் இரு வகைகளையும் ஒருங்கே கொண்டவை. கிரிப்டோகாக்கஸில் விகிதம் சமமற்றிருந்தும் கூடல் உண்டு. எனவே ஒரு படியில் சான்று இல்லாமை மற்றொரு படியில் உள்ள சான்றை மறுக்காது. ஒரு படியில் சான்று இருப்பது மற்றொரு படியை நிறுவவும் செய்யாது.

இயற்கைச் சான்றே எல்லாவற்றினும் அரிது. இதனை ஈடுசெய்ய ஆய்வாளர்கள் இயற்கையை ஒத்த சூழல்களை நாடினர். 2007-இல் புறா எச்சத்தைக் கொண்ட ஊடகத்திலும், தாவரங்களின் மேலும் கிரிப்டோகாக்கஸ் கூடுவதைத் தனித்தனி ஆய்வுகள் காட்டின. இவை ஆய்வகச் சான்றுக்கும் இயற்கைச் சான்றுக்கும் இடைப்பட்டவை என்று கொள்வதே நேர்மையானது.

மருத்துவத்தில் இதன் விளைவு

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நிற்பவையல்ல. அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸில் அசோல் மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றங்கள், வேளாண்மையில் தெளிக்கப்படும் அசோல் பூஞ்சைக்கொல்லிகளோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. அத்தகைய மாற்றங்களுள் சில, ஒரு மரபணுவின் இயக்குபகுதி மீண்டும் மீண்டும் வருவதால் தோன்றுபவை. 2017-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உரக்குவியலில், அப்பகுதி மும்முறை அமைந்த புதிய வடிவத்தைக் கண்டனர். பாலியல் கலப்பின்போது நிகழும் சமமற்ற குறுக்கேற்றத்தால் அவ்வெண்ணிக்கை கூடக்கூடும் என்றும் சோதனையில் காட்டினர். இங்கு மரபணுச் சான்றும் ஆய்வகச் சான்றும் உள்ளன. உரக்குவியலில் நடந்தது அதுவே என்பது வலுவான கருதுகோள். அவ்வளவில் அதனைக் கூறினாலே உரக்குவியல்களைக் கண்காணிக்க வேண்டிய தேவை தெளிவாகிவிடும். மிகைக்கூற்று தேவையில்லை.

கூடல் என்றாலே வேறுபட்ட இருவரின் கலப்பு என்ற எண்ணமும் திருத்தத்திற்குரியது. கிரிப்டோகாக்கஸில் ஒற்றை இணைவகைக் கூடலின் வழித்தோன்றல்களில் குரோமோசோம் எண்ணிக்கை மாறுவதால் புதிய பண்புகள் தோன்றுகின்றன என்று 2013-இல் காட்டப்பட்டது. பெற்றோர் இருவரும் மரபணுவில் ஒத்திருந்தாலும் குழவிகள் வேறுபடலாம். 'இங்கு ஒரே இணைவகைதான் உள்ளது, ஆகவே வேறுபாடு தோன்றாது' என்ற ஆறுதல் இனி ஏற்கத்தக்கதன்று.

கான்டிடா ஆரிஸ் இவ்வெச்சரிக்கைகள் அனைத்தையும் ஒருங்கே வேண்டுகிறது. அதன் முதன்மையான கிளைகளுள் முதலாவதும் நான்காவதும் ஏ இணைவகை. இரண்டாவதும் மூன்றாவதும் ஆல்பா. வெவ்வேறு கண்டங்களில் தோன்றிய இக்கிளைகள், நோயாளிகளின் பயணத்தால் ஒரே மருத்துவமனையில் சந்திக்கலாம். சந்திப்பு கூடலுக்குச் சான்றாகாது. ஆயினும் கூடல் காணப்படவில்லை என்பதால் கண்காணிப்பைத் தளர்த்துவதும் தகாது. நூற்றாண்டுக் காலம் அஸ்பெர்ஜில்லஸில் செய்த பிழையை இங்கு மீண்டும் செய்ய நமக்குக் காலமில்லை.

முடிவுரை

2011-இல் மெல்போர்னில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் பேராயம், ஒரே பூஞ்சையின் பாலியல் நிலைக்கும் பாலிலா நிலைக்கும் தனித்தனிப் பெயரிடும் வழக்கத்தை முடிவுக்குக் கொணர்ந்தது. பெயரீட்டு விதியில் டியூட்டிரோமைகோட்டாவின் தேவை அற்றுப்போயிற்று. ஆனால் 'நிறைவற்ற பூஞ்சைகள்' என்ற தலைப்பு வகுப்பறைகளில் இன்னும் வழங்குகிறது. அதனை நீக்குவதைக் காட்டிலும், அப்பெயர் ஏன் தோன்றியது, ஏன் வீழ்ந்தது என்று கற்பிப்பது பயனுடையது. ஒரு சான்று எதை நிறுவும், எதை நிறுவாது என்பதை மாணவர் அறிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இக்கட்டுரை மூன்று முடிபுகளை முன்வைக்கிறது. ஒன்று: ஒரு பூஞ்சையின் பாலியல் சுழற்சி பற்றி எழுதுவோர், தம் கூற்று ஐந்து படிநிலைகளுள் எதனைச் சார்ந்தது என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். இரண்டு: இணைவகைக்கும் நோய்வன்மைக்கும் உள்ள உறவைக் கூறுவோர், எந்தச் சீரவகையில், எந்த மரபுப் பின்னணியில் அது சோதிக்கப்பட்டது என்பதைக் கூற்றிலிருந்து பிரிக்காமல் உடன் கூற வேண்டும். மூன்று: தமிழில் எழுதுவோர் 'இணைவகை', 'ஒற்றை இணைவகைக் கூடல்' போன்ற நடுநிலைச் சொற்களை ஆள வேண்டும்.

இவ்வைந்து படிநிலைகளை மிகக் கடுமையாகப் பின்பற்றினால், நேரடிச் சான்று கிடைக்கும்வரை எதையும் கூறவியலாத நிலை தோன்றும் என்ற மறுப்பு எழலாம். அம்மறுப்பு ஓரளவு நியாயமானதே. ஆனால் குறைந்த சான்றோடு பேசுவதை இக்கட்டுரை தடுக்கவில்லை. சான்று எவ்வளவு என்று சொல்லிப் பேசுவதையே வேண்டுகிறது. மருத்துவரும் பொதுநலத் துறையினரும் முடிவெடுக்க வேண்டியது அந்த அளவை வைத்துத்தான்.